இன்பச் செலவும் அதன் கணக்கும்

தமிழில் 'செலவு' என்னும் சொல் இரு பொருளில் வழங்குகிறது. செல்லுதல் என்பது ஒன்று. கையிலுள்ள பொருள் கரைதல் என்பது மற்றொன்று. தலைவன் பிரிந்து போகப் புறப்பட்டுப் பின்னர் மனந்தளர்ந்து நின்றுவிடுவதைச் 'செலவழுங்குதல்' என்று அகப்பொருள் மரபு குறிக்கும். அங்கே செலவு என்பது பயணம். வீட்டுக் கணக்கிலும் கடைத்தெருவிலும் வழங்கும் செலவோ பணத்தைப் பற்றியது. ஒரே வேரில் கிளைத்த இவ்விரு பொருளும் ஓரிடத்தில் கூடி நிற்பதைக் காண வேண்டுமாயின், வாரக்கடைசியில் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கொண்டு நாட்டுப்புறச் சாலைகளில் உலாவிவரும் வழக்கத்தின் வரலாற்றைப் பார்த்தால் போதும்.

இப்பயணத்திற்கு அலுவல் கிடையாது. சரக்கு ஏற்றுவதும் இல்லை. குறித்த நேரத்தில் போய்ச் சேரவேண்டிய ஊரும் இல்லை. வளைந்து நெளிந்து செல்லும் பாதையே அதன் நோக்கம், ஓட்டுவதற்காகவே ஓட்டுவது. சிலருடைய பொழுதுபோக்காக ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் தோன்றிய இவ்வின்பம், இன்று பல நாடுகளில் பலதரப்பட்ட மக்களுக்கும் எட்டியிருக்கிறது. இந்த நெடிய காலத்தில் அதற்காக வழிவிட்டவர் யார், விலை கொடுத்தவர் யார் என்ற கேள்விக்கு வரலாறு தரும் விடை சிந்திக்கத்தக்கது.

சிவப்புக் கொடியும் புழுதியும்

இவ்வழக்கம் வேரூன்றி வளர்ந்த நாடுகளில் முதன்மையானது இங்கிலாந்து. ஆனால் அந்நாட்டின் தொடக்ககாலச் சட்டம் வேகத்தை வரவேற்கவில்லை. நீராவி வண்டிகள் சாலையில் ஓடிய நாளில், 1865-இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, குதிரையின்றித் தானே நகரும் வண்டி ஊருக்குள் மணிக்கு 2 மைலும் வெளிச்சாலையில் 4 மைலும் மட்டுமே போகலாம் என்று வரையறுத்தது. வண்டிக்கு 60 கெஜம் முன்னால் ஒருவன் சிவப்புக் கொடி பிடித்து நடந்துசெல்லவும் வேண்டும். கொடி பற்றிய விதி 1878-இல் தளர்ந்தது. முன்னே ஆள் நடக்கும் விதி நீடித்தது. சாலையில் நடப்பவனே தலையானவன், வண்டி அவனுக்குப் பின்னே வரவேண்டியது என்பதே அச்சட்டத்தின் உட்கருத்து.

1896-இல் வேகவரம்பு மணிக்கு 14 மைலாக உயர்ந்தது. அந்த விடுதலையைக் கொண்டாடும் பொருட்டு அவ்வாண்டு நவம்பர் 14ஆம் நாள் மோட்டார் ஆர்வலர்கள் லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரை நகர் வரை தம் வண்டிகளை ஓட்டிச் சென்றனர். புறப்படுமுன் நடந்த காலை விருந்தில் ஒரு சிவப்புக் கொடி இரண்டாகக் கிழிக்கப்பட்டது. அதன் நினைவாக 1927-இல் தொடங்கிய பழங்காலக் கார்களின் ஓட்டம் அதே பாதையில் இன்றும் நடைபெற்று வருகிறது.

1903ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பை மணிக்கு 20 மைலாக்கியது. காருக்குப் பதிவெண்ணும் ஓட்டுநருக்கு உரிமமும் வேண்டும் என்றது. அந்நாளில் கார் செல்வந்தரின் உடைமை. சாலைகளோ கல்லும் மண்ணும் இட்டு இறுக்கியவை. குதிரையின் குளம்புக்கும் மாட்டுவண்டிச் சக்கரத்திற்கும் அமைந்த அப்பாதையில் கார் விரைந்தபோது, எழுந்த புழுதி வேலியையும் வயலையும் உலர்த்திய துணியையும் மூடியது. காரில் போனவர் கண்ணாடியும் நீண்ட அங்கியும் அணிந்து தப்பினர். சாலையோரத்துக் குடிசைவாசி கதவைச் சாத்திக்கொள்வதைத் தவிர வேறு வழியறியார். 1908-இல் கென்னத் கிரகாம் எழுதிய குழந்தைகள் கதையில் வரும் செல்வச் செருக்குடைய தேரை, மோட்டார் மோகம் தலைக்கேறிப் பிறர் காரைத் திருடிச் சிறை செல்கிறது. அக்கால மக்கள் கார்க்காரரைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதற்கு அக்கதை நல்ல சான்று.

காவலர்கள் புதர்களுக்குப் பின்னே ஒளிந்திருந்து, நேரம் அளக்கும் கடிகாரத்தோடு வேகத்தைக் கணக்கிட்டனர். இதை எதிர்கொள்ள 1905-இல் கார் உரிமையாளர்கள் ஒரு சங்கம் அமைத்து, மிதிவண்டியில் ஆட்களைச் சாலைதோறும் அனுப்பினர். காவலர் பதுங்கியிருக்கும் இடத்தை முன்கூட்டிச் சொல்வது அவ்வாட்களின் பணி. அவ்வாறு எச்சரிப்பது குற்றமென 1910-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சங்கம் அதற்கும் ஓர் உபாயம் கண்டது. சங்கச் சின்னம் பொறித்த காரைக் கண்டால் பணியாள் வணக்கம் செலுத்துவான். செலுத்தாவிட்டால் நிறுத்திக் காரணம் கேட்க வேண்டும் என்று உறுப்பினருக்கு அறிவுறுத்தப்பட்டது. செய்யாத வணக்கத்திற்காக யாரையும் தண்டிக்க இயலாதன்றோ!

புழுதிக்குத் தீர்வு தாரில் கிடைத்தது. இரும்பு உருக்கும் கழிவுக் கல்லையும் தாரையும் கலந்து சாலையிடும் முறைக்கு 1902-இல் எட்கர் பர்னல் ஹூலி என்னும் பொறியாளர் காப்புரிமை பெற்றார். 1909-இல் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் பெட்ரோலுக்குக் காலனுக்கு 3 பென்ஸ் வரி விதித்து, கார்க்காரரிடம் பெறும் வரிப் பணம் சாலைகளைச் செம்மைப்படுத்தப் பயன்பட வழிசெய்தார். இன்பச் செலவு மேற்கொள்வோர் அதன் பணச்செலவில் ஒரு பங்கையேனும் ஏற்கவேண்டும் என்ற கொள்கை அப்போதுதான் சட்டமாயிற்று.

சிறிய காரின் வரவு

முதல் உலகப் போருக்குப் பின் வேறொரு வரி, எவரும் எதிர்பாராத விளைவைத் தந்தது. 1921 முதல் காரின் குதிரைத்திறன் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒரு பவுன் வீதம் வரி வந்தது. அத்திறனை எஞ்சினின் உண்மையான ஆற்றலைக் கொண்டு அளக்கவில்லை. சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் கொண்டே கணக்கிட்டனர். ஆகவே குறுகிய சிலிண்டர்களைக் கொண்ட சிறிய எஞ்சின்களைச் செய்வதில் ஆங்கிலேயத் தொழிற்சாலைகள் முனைந்தன. 1922-இல் வந்த ஆஸ்டின் செவன் அத்தகைய காரே. அது நடுத்தரக் குடும்பங்களைச் சாலைக்கு அழைத்துவந்தது.

ஆக்ஸ்போர்டு நகரில் வில்லியம் மாரிஸ் என்பவருக்குச் சொந்தமான மாரிஸ் கராஜ் நிறுவனத்தில் சிசில் கிம்பர் மேலாளராக இருந்தார். அன்றாடப் பயன்பாட்டுக் கார்களின் அடிச்சட்டத்தில் அழகிய மேலுடல் பொருத்தி, எஞ்சினைச் சற்றே முடுக்கி விற்பது அவர் கண்ட வழி. நிறுவனப் பெயரின் முதலெழுத்துகளே எம்.ஜி. என்னும் காரின் பெயராயின. 1928 அக்டோபரில் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் எம்-வகை மிட்ஜெட் என்னும் சின்னஞ்சிறு காரை அவர் வைத்தார். மாரிஸ் மைனர் காரின் அடிச்சட்டம், 847 கனசென்டிமீட்டர் எஞ்சின், 20 குதிரைத்திறன், ஒட்டுப்பலகைச் சட்டத்தின்மேல் துணி போர்த்திய உடல், படகின் முனைபோல் கூம்பிய பின்புறம், இருவர் அமரும் இடம். விலை 175 பவுன். 1921-இல் விற்பனைக்கு வந்த மூன்று லிட்டர் பென்ட்லி காருக்கு மேலுடல் இல்லாத அடிச்சட்டமே ஆயிரம் பவுனுக்கு மேல் என்பதை ஒப்பிட்டால், அவ்விலையின் பொருள் விளங்கும். 1932 வரை மூவாயிரத்துக்கு மேற்பட்ட மிட்ஜெட்டுகள் ஆயின.

அலுவலகங்கள் சனிக்கிழமை நண்பகலில் மூடும் நாடு அது. மாலையும் மறுநாளும் கையிலிருந்தன. இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பாதைகளோ பொறியாளர் வரைந்தவை அல்ல; வயல் வரப்பையும் பண்ணை எல்லையையும் ஒட்டி, பல நூற்றாண்டுகள் மனிதரும் மந்தைகளும் நடந்ததனால் உண்டானவை. இருபுறமும் உயிர்வேலி, நூறு கெஜத்துக்கு ஒரு வளைவு. அப்பாதையில் பெரிய காரின் வலிமை பயன்படாது. தரையை ஒட்டிய இருக்கையில், கூரையில்லாத சிறுகாரில் மணிக்கு 40 மைல் போனாலே காற்று முகத்தில் அறையும். வளைவு வருமுன் வேகத்தைத் தணித்து, கியரை மாற்றி, உள்ளே நுழைந்து, வெளியேறும்போது மீண்டும் முடுக்கும் அந்தக் கைப்பழக்கமே ஓட்டுபவனுக்கு இன்பம். நேர்ச்சாலை காரின் ஆற்றலைக் காட்டும். வளைவுச் சாலை ஓட்டுபவனின் திறமையைக் காட்டும். சிறிய ஸ்போர்ட்ஸ் காரும் வளைவுச் சாலையும் ஒன்றற்கொன்று பொருந்தியது இவ்வாறே.

1927-இல் எச்.வி. மார்ட்டன் தம் காரில் நாட்டைச் சுற்றி எழுதிய 'இங்கிலாந்தைத் தேடி' என்னும் நூல் பெரும் வரவேற்புப் பெற்றது. நகரத்தார் நாட்டுப்புறத்தைக் காணக் கிளம்பினர். கிளம்பியவர்களுக்காகச் சாலையோரங்களில் பெட்ரோல் நிலையங்களும் விளம்பரப் பலகைகளும் வரிசை வீடுகளும் எழுந்தன. எந்த அழகைத் தேடி வந்தார்களோ அந்த அழகே அவர்கள் வரவால் தேயத் தொடங்கியது. நாட்டுப்புறத்தைக் காக்க 1926-இல் ஒரு மன்றம் தோன்றியதும், நெடுஞ்சாலையை ஒட்டி வீடுகள் நீள்வதைத் தடுக்க 1935-இல் சட்டம் வந்ததும் இதன் விளைவே.

பாதையில் வீழ்ந்தவர்கள்

மணிக்கு 20 மைல் என்ற வரம்பை யாரும் மதிக்கவில்லை என்பதால், 1930ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கார்களுக்கு அவ்வரம்பையே நீக்கியது. பிறருக்கு நேரும் தீங்கிற்கு ஈடாகக் காப்புறுதி எடுப்பதையும் அச்சட்டம் கட்டாயமாக்கியது. அவ்வாண்டு பிரிட்டனின் சாலைகளில் மாண்டவர் ஏழாயிரத்து முந்நூற்றுக்கு மேற்பட்டோர். 1934-இல் இத்தொகை 7,343. மாண்டவருள் ஏறக்குறையப் பாதிப்பேர் நடந்து சென்றவர்கள். இத்தனை உயிருக்கும் ஸ்போர்ட்ஸ் கார்களே பொறுப்பு என்பது நியாயமாகாது. பேருந்தும் லாரியும் மோட்டார் சைக்கிளும் சேர்ந்து செய்த தீங்கு அது. ஆயினும் வேகம் ஓர் இன்பமெனப் புகழப்பட்ட அதே ஆண்டுகளில், அப்பாதையில் கால்நடையாகப் போனவன் உயிரை இழந்தான் என்பதை மறைக்க இயலாது.

1934-இல் போக்குவரத்து அமைச்சராக வந்த ஹோர்-பெலிஷா வரம்பை மீண்டும் கொணர்ந்தார். 1935 மார்ச் முதல் மக்கள் நெருங்கி வாழும் இடங்களில் மணிக்கு 30 மைல் என்பது விதி. அவ்வாண்டு சூன் முதல் புதிய ஓட்டுநர்க்குத் தேர்வு கட்டாயம். வெளிச்சாலையில் வரம்பில்லை, ஊர்ச்சாலையில் வரம்புண்டு. ஊருக்குள் நடப்பவனுக்கு உரிமை, ஊருக்கு வெளியே ஓட்டுபவனுக்கு உரிமை என்று சாலையைப் பங்கிட்ட உடன்பாடு அது எனலாம். எம்.ஜி. நிறுவனமும் 'பாதுகாப்புடன் விரைவு' என்பதையே தன் முழக்கமாகக் கொண்டிருந்தது. அக்காரைப் படைத்த கிம்பர் 1945 பிப்ரவரியில் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தருகே, சுரங்கவழியில் ஏற முடியாமல் மெல்லப் பின்னோக்கி வழுக்கிய புகைவண்டியில் சிக்கி இறந்தார். விரைவுக் கார்களை உலகுக்கு அளித்தவரின் முடிவு அவ்வாறு அமைந்தது.

டயர் பிறந்த மண்

காரைப் பற்றி எவ்வளவு பேசினாலும் அதில் சாலையைத் தொடுவது டயர் ஒன்றே. நான்கு டயர்களும் ஒவ்வொன்றும் உள்ளங்கையளவு நிலத்தைத்தான் பற்றுகின்றன. வளைவில் கார் வழுவாது நிற்பதும், பிரேக்கை மிதித்தால் நிற்பதும் அந்தப் பிடியால்தான். அந்த உள்ளங்கையளவு இடத்தில்தான் ஆங்கிலேயரின் வாரக்கடைசி இன்பமும் மலாயாத் தமிழரின் வாழ்வும் ஒன்றையொன்று தொட்டன.

நடைமுறைக்கு ஏற்ற காற்றடைத்த டயரை 1888-இல் பெல்பாஸ்ட் நகரின் கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்காகச் செய்தார். 1895-இல் பாரிஸ் நகருக்கும் போர்டோ நகருக்கும் இடையே நடந்த பந்தயத்தில் மிஷெலின் சகோதரர்கள் அத்தகைய டயரைக் காரில் பொருத்தி ஓட்டினர். இரப்பர் விதைகள் அதற்கு முன்பே கடல் கடந்துவிட்டன. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் ஒன்பது கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1896-இல் மலாக்காவில் டான் சே யான் வணிக முறையில் இரப்பர் பயிரிட்டார். கார் பெருகப் பெருக இரப்பர் விலை ஏறி, 1910-இல் ஒரு பவுண்டு எடைக்கு 12 ஷில்லிங்கைத் தாண்டியது.

விலை ஏறியது, ஆள் வேண்டியிருந்தது. வட ஆர்க்காடு, சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியாகத் தமிழர்கள் வந்தனர். அவர்களுடைய கப்பற் செலவுக்கெனத் தோட்ட முதலாளிகளிடம் நிதி திரட்ட 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, வெயில் ஏறுமுன் பால்மரத்தைச் சீவி, பாலைச் சேர்த்து வாளியில் சுமந்து, உறையவைத்துத் தகடாக்கிப் புகைபோட்டு அனுப்பினர். மழையில்லா நாளெல்லாம் அதே வேலை. அத்தகடுகள் சென்று சேர்ந்த தொலைநாட்டில் அவை டயராக உருண்டன.

மிட்ஜெட் கார் விற்பனையான 1929 முதல் 1932 வரையிலான ஆண்டுகளை மலாயாவின் பக்கமிருந்து பார்க்க வேண்டும். உலகப் பொருளாதார மந்தத்தில் இரப்பர் விலை வீழ்ந்து, 1932-இல் பவுண்டுக்கு மூன்று பென்சுக்கும் கீழே இறங்கியது. 1930-இல் தோட்டங்களில் ஆணின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாகவும் பெண்ணின் நாட்கூலி 40 காசிலிருந்து 32 காசாகவும் குறைந்தன. வேலையிழந்தோர் பல்லாயிரக்கணக்கில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். இங்கிலாந்தில் எளியோரும் காரின் இன்பத்தை நுகரத் தொடங்கிய காலமும், அதன் டயருக்குப் பால் வடித்தவர் கூலி குறைந்து கப்பலேறிய காலமும் ஒன்றே. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரு பக்கங்கள் என்பதை மறவாதிருந்தால் போதும்.

மிதிவண்டியில் அமர்ந்தே செல்லும் உரிமை

இரப்பரைப் போலவே சாலையும் மலாயாவில் தமிழர் கையால் அமைந்தது. பொதுப்பணி இலாகாவிலும் இரயில்வேயிலும் கூலி வேலை செய்தோரில் தென்னிந்தியர் பெரும்பான்மையினர். அவருள் தமிழர் மிகுதி. காட்டை வெட்டி, கல்லைச் சுமந்து உடைத்து, தாரைக் காய்ச்சி ஊற்றி, மழை அரித்த கரையை மீண்டும் மீண்டும் கட்டியவர்கள் அவர்கள். சிலாங்கூரின் கோலகுபுவிலிருந்து மலைத்தொடரின் கணவாய் வழியே பகாங்கின் ரவுப் நோக்கிச் செல்லும் சாலை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமைந்தது. அக்கணவாயிலிருந்து பிரியும் குறுகிய பாதை பிரேசர் மலைக்கு ஏறுகிறது. 1920களில் அம்மலை ஆங்கிலேயரின் ஓய்விடமாயிற்று. ஒரே நேரத்தில் இருபுறமும் கார்கள் செல்ல இடமில்லாமையால், கதவமைத்து, குறித்த நேரத்தில் ஏறுவோரையும் மற்றொரு நேரத்தில் இறங்குவோரையும் விடும் முறை அங்கே நெடுங்காலம் இருந்தது. தாழ்நிலத்தின் புழுக்கத்திலிருந்து தப்பி, அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும் வாரக்கடைசியில் அவ்வளைவுகளில் காரோட்டி மலையேறினர்.

தோட்டத்துச் சாலையிலோ வேறொரு முறை வழங்கியது. தொழிலாளி மிதிவண்டியில் செல்லும்போது துரை எதிர்ப்பட்டால் இறங்கி நிற்க வேண்டும். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டபோது, தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வும், பிள்ளைகளுக்குத் தமிழ்க் கல்வியும், மருத்துவ வசதியும், கள்ளுக்கடை மூடலும் இருந்தன. அவற்றோடு, துரைமார் முன்னிலையில் மிதிவண்டியை விட்டு இறங்காமலே செல்லும் உரிமையும் ஒரு கோரிக்கையாக இருந்தது. காசுக் கணக்கில் அதற்கு மதிப்பில்லை. மானக் கணக்கில் அது பெரியது. தான் கல்லுடைத்த சாலையில் தானும் ஒரு வழிப்போக்கனாக அமர்ந்து செல்ல வேண்டும் என்பதே அதன் பொருள். இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவரான ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

1865-இல் இங்கிலாந்தின் சட்டம், நடந்து செல்லும் மனிதனுக்குப் பின்னே வண்டியை வரச்செய்தது. 1941-இல் மலாயாத் தோட்டத்தின் வழக்கம், மிதிவண்டியில் சென்ற மனிதனை இறங்கி நிற்கச் செய்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், சாலை விதி என்பது வண்டியைப் பற்றியது மட்டுமன்று, மனிதரின் வரிசையைப் பற்றியதும் ஆகும் என்பது தெளிவாகும்.

போர் முடிந்து அவசரகாலம் வந்தது. 1951 அக்டோபர் 6, சனிக்கிழமை. பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி வாரக்கடைசி ஓய்வுக்காகத் தம் மனைவியுடன் ரோல்ஸ் ராய்ஸ் காரில் பிரேசர் மலைக்குச் சென்றார். கணவாயை நெருங்கும் வளைவில் கம்யூனிஸ்டுப் படையினர் பதுங்கியிருந்து சுட்டதில் அவர் மாண்டார். வேகத்தைத் தணிக்கவேண்டிய வளைவு, உலாப் போவோருக்கு இன்பம் தருவது. பதுங்கியிருப்போருக்கு வாய்ப்புத் தருவதும் அதுவே. நாடு அமைதியுற்ற பின்னரே மலைச்சாலைகள் மீண்டும் உலாவுவோர்க்கு உரியவையாயின.

பழைய சாலையின் மறுவாழ்வு

பிரிட்டனில் பெட்ரோல் பங்கீடு 1950 மே மாதத்தில் நீங்கியது. அதற்கு முன்பே எம்.ஜி. கார்கள் கடல் கடந்து அமெரிக்கரின் உள்ளத்தைக் கவர்ந்திருந்தன. 1962-இல் வந்த எம்.ஜி.பி. 1980 வரை ஐந்து இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. ஆனால் 1965 டிசம்பரில் பிரிட்டனின் வரம்பற்ற வெளிச்சாலைகளுக்கும் மணிக்கு 70 மைல் என்ற வரம்பு வந்தது. எம்.ஜி. கார்களைச் செய்த ஏபிங்டன் தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டது. திறந்த மேனிச் சிறுகாரின் காலம் முடிந்தது என்று பலர் எண்ணினர். 1989-இல் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் பழைய ஆங்கிலக் கார்களை முன்மாதிரியாகக் கொண்டு எம்.எக்ஸ்-5 என்னும் காரை வெளியிட்டது. 2016-இல் அதன் எண்ணிக்கை பத்து இலட்சத்தைத் தாண்டியது. இன்பம் அழியவில்லை, கைமாறியது.

சாலைகளும் மாறின. மலேசியாவில் 1970களின் இறுதியில் கோலாலம்பூர்–காராக் நெடுஞ்சாலையும், 1994-இல் வடக்கு–தெற்கு விரைவுச்சாலையும் நிறைவுற்றன. லாரிகளும் பேருந்துகளும் அவற்றுக்குச் சென்றுவிட, கோம்பாக்கிலிருந்து மலையேறிப் பெந்தோங் இறங்கும் பழைய சாலை போன்றவை ஓய்வு பெற்றன. அவசரக்காரன் கைவிட்ட பாதையை உலாவுபவன் எடுத்துக்கொண்டான். கோலகுபு பாருவிலிருந்து கணவாய்க்கு ஏறும் சாலையில் இன்று ஞாயிறு காலைகளில் ஸ்போர்ட்ஸ் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மிதிவண்டிகளும் கலந்தே செல்கின்றன. ஓட்டுவோரில் எல்லா இனத்தாரும் உளர். யாரைக் கண்டும் யாரும் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டியதில்லை.

சிங்கப்பூரின் நிலை வேறு. 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலம், தீவின் கார்க்காரருக்கு நீண்ட சாலைகளைக் காட்டியது. 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையில், பொதுமக்கள் அன்றாடம் செல்லும் பாதையையே அடைத்துக் கிராண்ட் பிரீ பந்தயம் நடத்தினர். அப்பந்தயங்களில் உயிர்ச்சேதங்கள் நேர்ந்தன. 1973-க்குப் பின் அது கைவிடப்பட்டது. 2008-இல் மீண்டும் வந்த பந்தயம் நகரின் மரினா குடாப் பகுதியில், இருமருங்கும் தடுப்பரண் எழுப்பிய தடத்தில் நடக்கிறது. பந்தயத்திற்கு எதிரிகள் உண்டு. உலாவுக்கு எதிரிகள் இல்லை. பந்தயத்தைப் பொதுச்சாலையிலிருந்து பிரித்தது அறிவுடைய செயல். பொதுச்சாலையில் உலாவை எதிரியில்லாப் பந்தயமாக்குவோர் இவ்வேறுபாட்டை உணர்வதில்லை. பிரிட்டனில் 2023-இல் சாலையில் மாண்ட 1,624 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் நாட்டுப்புறச் சாலைகளில்தான் மாண்டனர். மலேசியாவில் அதே ஆண்டு மாண்டவர் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள்.

மணியின் நாவைக் கட்டியவன்

இங்குச் சொன்ன வரலாற்றில் ஒவ்வொரு காலத்திலும் ஒரு செலவு இருந்தது. அதைக் கொடுத்தவன் பெரும்பாலும் உலாப் போனவன் அல்லன். புழுதியைச் சுவாசித்த குடிசைவாசி, சாலையில் வீழ்ந்த நடைப்பயணி, கூலி குறைந்த பால்மரத் தொழிலாளி, கல்லுடைத்த பெண் எனப் பிறரே அக்கணக்கைத் தீர்த்தனர். ஒவ்வொரு முன்னேற்றமும் அக்கணக்கை உரியவர் பெயரில் எழுதியதால்தான் வந்தது. பெட்ரோல் வரி, காப்புறுதி, ஓட்டுநர் தேர்வு, ஊர்ச்சாலை வரம்பு ஆகிய யாவும் இன்பத்தை அழிக்கவில்லை. அதைப் பிறர் முகஞ்சுளிக்காமல் துய்க்கத்தக்கதாக்கின. தோட்டத் தொழிலாளி 1941-இல் கேட்டதும் காரைத் தடைசெய் என்பதன்று. சாலையில் தனக்கும் பங்கு வேண்டும் என்பதே.

விரைந்து செல்லும் ஊர்தியில் உள்ளம் துள்ளுவது தமிழருக்குப் புதிதன்று. முல்லைத் திணையில் வினை முடித்த தலைவன் தேரை விரைந்து செலுத்துமாறு பாகனைத் தூண்டும் காட்சிகள் பல. அகநானூற்றின் நான்காம் பாட்டில் குறுங்குடி மருதனார் காட்டும் தலைவனும் அவ்வாறே விரைபவன். இல்லத்தில் காத்திருப்பவளை நாடி அவன் தேர் ஓடுகிறது. ஆனால் வழியிலுள்ள சோலையில் துணையோடு தேனுண்ணும் வண்டுகள் தேர்மணியின் ஒலியால் கலங்குமே என்றெண்ணி, அவன் மணியின் நாவை ஒலியாதவாறு கட்டிவிடுகிறான். அவன் வேகம் குறைந்ததாகப் புலவர் சொல்லவில்லை. வேகத்தோடு வழியிலுள்ளவரைப் பற்றிய நினைவும் அவனிடம் இருந்தது என்பதே பாட்டின் சிறப்பு.

இன்று மின்னாற்றலால் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்கள் வருகின்றன. புகையும் ஓசையும் குறையலாம். டயரும் சாலையும் அவற்றுக்கும் வேண்டும். டயருக்குப் பாலும், சாலைக்கு உழைப்பவன் கையும் இன்னும் வேண்டும். ஆகவே மலைச்சாலையின் அடுத்த வளைவில் காரைத் திருப்பும் இளைஞன், அவ்வளைவை முதன்முதலில் வெட்டியவரையும் இப்போது அதன் மறுபுறத்தில் மிதிவண்டியில் ஏறிவருபவரையும் ஒருகணம் எண்ணினால், செலவு என்னும் சொல்லின் இரு பொருளையும் அவன் கற்றவனாவான்.